பத்து நாள் முகாமில் பெனால்ட்டி கார்னர்: மண்டல இளையோர் மகளிர் ஹாக்கி அணிகளுக்கு

தேசிய இளையோர் போட்டிக்குப் போகும் மண்டல அணி, முகாமில் கூடி, கோப்பை முடிந்ததும் கலைந்துபோகும் அணி. ஆளுக்கொரு கிளப், ஆளுக்கொரு பழக்கம். ஓடும் ஆட்டத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் பத்து நாள் போதாது. எதிரணி செய்யும் தவறுக்காகக் கிடைக்கும், கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் பெனால்ட்டி கார்னருக்குப் போதும். நின்ற இடத்தில் தொடங்குவது, யார் எங்கே என்று முன்கூட்டியே முடிவானது, மூன்றே பேர் கையில் இருப்பது: கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடும் புஷ்ஷர், அதை டி-க்கு (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்; கோலுக்கான ஷாட் இதற்குள்ளிருந்துதான்) வெளியே நிறுத்தும் ஸ்டாப்பர், கோலை நோக்கி அடிக்கும் ஹிட்டர். முகாம் நேரத்தில் பெரும்பங்கை இதற்கு ஒதுக்கத் தயங்க வேண்டாம்.

பல அணிகள் டிராக் ஃப்ளிக் (பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசுவது) அடிக்கும் பெண்ணைத் தேடுவதிலிருந்து தொடங்குகின்றன. அது தலைகீழ் வழி. ஃப்ளிக் வருடக்கணக்கில் பழகி வருவது. பத்து நாளில் திணித்தால் கோலுக்கு முன்னால் முதுகுவலிதான் வரும். ஏற்கெனவே ஃப்ளிக் தெரிந்தவர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் புஷ்ஷும் ஸ்டாப்பும் சுத்தமாக இருக்கும் அணிக்கு, ஸ்டிக்கைத் தரையையொட்டி வீசி, பந்து தரையோடு போகும்படி அடிக்கும் ஒரு ஸ்வீப் ஹிட்டே போதும்.

முதல் மூன்று நாள்: புஷ், ஸ்டாப் மட்டும்

பந்து கோல் கோட்டில், கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, டி-க்குள் இருக்க வேண்டும். புஷ்ஷரின் ஒரு காலாவது மைதானத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கோலைப் பார்த்து நின்றால் இடதுபக்கத்திலிருந்து புஷ் செய்யுங்கள். ஸ்டிக்கின் தட்டை முகம் இடதுபக்கம் பார்ப்பதால், அங்கிருந்து வரும் பந்தை ஸ்டாப்பர் இயல்பாக வாங்குவார். ஸ்டாப்பர் டி-யின் உச்சியில் நின்றால் பந்து போக வேண்டிய தூரம் ஏறக்குறைய 19 மீட்டர்.

புஷ்ஷர் இடுப்பை நன்றாகத் தாழ்த்தி, பந்தை வலதுகால் அருகில் வைத்து, அங்கிருந்து ஸ்டிக்கோடு ஒட்டியபடியே இழுத்து, இடதுகாலுக்கு நேரே விட வேண்டும். பந்து துள்ளினால் ஸ்டிக்கை முன்கூட்டியே தூக்குகிறார் என்று பொருள்; விட்ட பிறகும் ஸ்டிக்கின் நுனி முழங்காலுக்குக் கீழேயே இருக்கட்டும். பந்து ஒரே பக்கமாக விலகிக்கொண்டே இருந்தால் கையைத் திருத்தாதீர்கள், இடது பாதத்தைப் பாருங்கள். அது ஸ்டாப்பரைப் பார்த்திருக்காது.

ஸ்டாப்பர் இடது முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையில் படுக்கவைத்து, மேல்விளிம்பு பந்தை நோக்கிச் சற்றுச் சாயும்படி பிடிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் பந்து ஸ்டிக் மேல் ஏறிப் போய்விடும். கை இறுகியிருந்தால் பந்து முட்டித் திரும்பும். பிடி தளர்ந்திருந்தால் அங்கேயே சாகும்.

இங்கே ஒரு நுணுக்கத்தில் நிறைய கோல்கள் வீணாகின்றன. டி-யின் கோடு டி-யைச் சேர்ந்தது. கோடு மேலேயே நிறுத்திய பந்து வெளியே போனதாகக் கணக்கில்லை. அதை உள்ளே அடித்தால் கோல் இல்லை. பந்து முழுதாகக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஆனால் திரும்ப அடிக்கும்போது பந்து கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலே உள்ளே என்றுதான் பொருள். எனவே கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்தி, ஸ்டிக்காலேயே கோட்டுக்கு இழுத்துவிடப் பழக்குங்கள்.

ஒரு புஷ்ஷர்-ஸ்டாப்பர் ஜோடிக்கு நாளுக்கு 40 புஷ், பத்துப் பத்தாக, இடையே ஓய்வுடன். அதற்கு மேல் போனால் இடுப்பு சோர்ந்து தவறான உடலசைவு பதியும். பத்தில் எட்டு சுத்தமாக நிற்காதவரை ஹிட்டரை அழைக்காதீர்கள்.

எத்தனை ஜோடி?

மூன்று. இதற்குக் காரணம் விதியில் இருக்கிறது: பெனால்ட்டி கார்னர் கொடுக்கப்பட்டதிலிருந்து முடியும்வரை ஆட்களை மாற்ற முடியாது, தடுக்கும் அணியின் கோல்கீப்பர் காயம் போன்ற விதிவிலக்கைத் தவிர. உங்கள் நல்ல புஷ்ஷர் அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டியதுதான். பச்சை அட்டை என்றால் 2 நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம் ஆள் இல்லை. ஆகவே மாற்று அட்டவணையைப் போடும்போது முன்வரிசை, நடுவரிசை என்று மட்டும் பார்க்காமல், எந்த நிமிடத்திலும் ஒரு முழு ஜோடியாவது களத்தில் இருக்கிறதா என்று பேனாவால் சரிபாருங்கள். ஜோடியைப் பிரித்துக் கலக்க வேண்டாம். ஒருவர் வெளியே வந்தால் இன்னொருவரும் வரட்டும்.

ஹிட்டும் இரண்டு மாற்று வழிகளும்

முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால், பந்து கோல் கோட்டைத் தாண்டும்போது கோலின் அடியில் உள்ள பலகையான கோல் போர்டின் உயரமான 46 செ.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்வீப்பும் ஹிட் கணக்கில்தான் வரும். ஃப்ளிக்குக்கும், ஸ்டிக்கில் பட்டுத் திசை மாறும் டிஃப்லெக்‌ஷனுக்கும் இந்த வரம்பு இல்லை. எனவே ஹிட்டருக்கு ஒரே இலக்கு: போர்டில் பந்து மோதும் சத்தம் கேட்க வேண்டும். புஷ் கிளம்பியதிலிருந்து ஷாட் கிளம்பும்வரை இரண்டரை விநாடிக்குள் முடிய வேண்டும். கடிகாரத்தில் அளந்து பாருங்கள். அதற்கு மேல் போனால் கோல் கோட்டிலிருந்து பந்தை மறிக்க ஓடிவரும் எதிரணியின் ஓட்டக்காரி பந்தின் மேல் வந்துவிடுவார்.

மாற்று வழி இரண்டு போதும். ஒன்று, ஹிட்டர் அடிப்பதுபோல ஓங்க, ஸ்டாப்பர் பந்தைப் பக்கத்தில் நிற்கும் இரண்டாம் ஹிட்டருக்குத் தள்ளிவிடுவது. இன்னொன்று, புஷ் செய்தவர் உடனே கம்பத்தருகே உள்ளே வர, ஹிட்டர் அவர் ஸ்டிக்கை நோக்கி அடித்துத் திருப்பிவிடச் செய்வது. ஆறேழு வழி சொல்லிக்கொடுக்கும் அணிகளில் ஒரு பெண் ஒன்றை நினைப்பார், அடுத்தவர் வேறொன்றை நினைப்பார். தயாராவதற்கு 40 விநாடிதான் தருவார்கள். எந்த வழி என்பதை ஒருவரே, ஸ்டாப்பரே சொல்லட்டும்.

தடுக்கும்போது

கோல் கோட்டுக்குப் பின்னால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர். மீதிப்பேர் நடுக்கோட்டுக்கு அப்பால். முதல் ஓட்டக்காரியின் வேலை பந்தை மறிப்பது. உடம்பால் அல்ல, ஸ்டிக்கால். உடம்பு பந்தின் கோட்டுக்கு இடப்புறம், ஸ்டிக் அந்தக் கோட்டில். நேராகப் பந்தின் மேலேயே ஓடினால் ஆபத்து மட்டுமல்ல, கோல்கீப்பரின் பார்வையையும் மறைத்துவிடுவார். முதல் ஷாட் அடிக்கும்போது 5 மீட்டருக்குள் இருப்பவரின் முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு பெனால்ட்டி கார்னர் வரும். முகக்கவசம், முழங்கால் பேட், கையுறை இல்லாமல் பயிற்சியில்கூட ஓடவிடாதீர்கள். பந்தைப் பறித்துக்கொண்டு முன்னேறுபவர் கவசத்தோடு 23 மீட்டர் கோட்டைத் தாண்டக் கூடாது. ஓட்டத்திலேயே கழற்றி எறியும் பழக்கம் வேண்டும்.

இளையோரின் பெரிய பலவீனம் புஷ் கிளம்புமுன்பே முந்தி ஓடுவது. முந்தியவர் நடுக்கோட்டுக்குப் போக வேண்டும், அவருக்குப் பதில் ஆள் கிடையாது. நான்கு பேரோடு தடுக்க வேண்டும். புஷ்ஷரின் தோளைப் பார்ப்பதால்தான் இது நடக்கிறது. கண் பந்திலேயே இருக்கட்டும். பயிற்சியில் புஷ்ஷரை வேண்டுமென்றே தோளை அசைக்கச் சொல்லி, யார் ஏமாறுகிறார் என்று பாருங்கள். ஆட்டத்தில் புஷ்ஷர் அப்படி ஏமாற்றுவது விதிமீறல்தான், நடுவர் கண்ணில் பட்டால்.

மைதானத்தில்

டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) தண்ணீர் அடித்த உடனே பந்து வழுக்கிக்கொண்டு ஓடும்; மூன்றாம் கால்பகுதிக்குள் காய்ந்து மெதுவாகும். வார்ம்-அப்பில் இரு முனையிலும் தலா பத்து புஷ் போட்டுப் பார்த்து, ஸ்டாப்பர் நிற்கும் இடத்தை அரையடி முன்னே பின்னே மாற்றுங்கள். பாதிநேரத்தில் பக்கம் மாறியதும் ஸ்டாப்பர் பழைய ஞாபகத்தில் நிற்பார், நினைவூட்டுங்கள்.

நாக்-அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் ஷூட்-அவுட்: ஐந்து பேர், 23 மீட்டர் கோட்டிலிருந்து, கோல்கீப்பரை எதிர்த்துத் தனியாக, ஆளுக்கு 8 விநாடி. இதைச் சோர்வில்லாத காலோடு பழகிப் பயனில்லை. மாலைப் பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில், மூச்சு வாங்கும்போது வையுங்கள். யார் யார், எந்த வரிசை என்பதை முதல் லீக் ஆட்டத்துக்கு முன்பே எழுதி மேலாளரின் பையில் போட்டுவிடுங்கள்.