கல்லுல சூடு எந்தப் பக்கமா ஓடுது? தேன்மெழுக வச்சே அளந்து பாக்கலாம்

இந்தக் கல்லோட வெப்பக் கடத்துத்திறன், அதாவது சூடு அதுக்குள்ள எவ்வளவு லேசா ஓடும்ங்கிறது, எவ்வளவுன்னு யாராவது கேட்டா, எந்தப் பக்கமா அளந்ததுன்னுதான் நான் முதல்ல திருப்பிக் கேப்பேன். நம்ம குமரி மாவட்டத்துல கெடக்க சார்னோகைட்ங்கிற கல்லு பெரும்பாலும் கட்டியா ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா கார்னெட் பயோடைட் நைஸ்னு ஒரு வகை இருக்கு, கறுப்பு வரி வெள்ளை வரி மாத்தி மாத்தி ஓடும், நடுவுல மாதுளை முத்து மாதிரி செவப்பா கார்னெட். அந்தக் கறுப்பு வரியில இருக்கது மைக்கா, தகடு தகடா இருக்க கனிமம், அந்தத் தகட்டோட போக்குல சூடு லேசா ஓடிரும், தகட்டுக்குக் குறுக்கால போகணும்னா பாடுதான். அதனால வரிகொண்ட கல்லுக்கு ஒரே ஒரு நம்பர் சொன்னா அது பாதிக் கதைதான்.

மெஷின் தேடி அலையறதுக்கு முன்னால மெழுகு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. 1847ல செனார்மோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கிரிஸ்டல் தகட்டுல மெழுகு தடவி செஞ்சு காட்டினது, இன்னிக்கும் அப்படியே வேலை செய்யுது. நமக்கு ஒரு வசதி, மார்த்தாண்டம் பக்கம் தேன் வளர்க்குறவங்ககிட்ட கேட்டா சுத்தமான தேன்மெழுகே கெடைக்கும், அது 62ல இருந்து 65 டிகிரிக்குள்ள உருகும்.

கல்லு வெட்டுற கடையில சொல்லி உள்ளங்கை அகலத்துல, அஞ்சு மில்லி கனத்துல ஒரு பலகை அறுத்து வாங்குங்க. வரிக்குக் குறுக்கால அறுக்கணும், அப்பதான் வரி எல்லாம் மேல கோடு கோடா தெரியும். வரியோட சேத்து அறுத்தா வித்தியாசமே தெரியாது, நான் முதல் தடவ அப்படித்தான் அறுத்து வாங்கிட்டு வந்து ரெண்டு நாள் மண்டைய பிச்சுக்கிட்டேன். நடுவுல மூணு மில்லி ஓட்டை போட்டுக்குங்க. பலகைய உச்சி வெயில்ல நல்லா காய வச்சு, மெழுக உருக்கி துணியால ஒரே ஒரு பூச்சு, மெல்லிசா. தடிமனா பூசினா உருகின மெழுகு வழிஞ்சு ஓரமே தெரியாம போயிரும். ஆறினதும் ஓட்டையில சால்டரிங் அயர்ன் முனைய விட்டு, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, பாத்துக்கிட்டே இருங்க. முனைய சுத்தி மெழுகு பளபளன்னு ஈரமாகி வட்டம் விரியும், கொஞ்ச நேரத்துல அந்த வட்டம் வரி ஓடுற பக்கமா இழுத்துக்கிட்டு முட்டை வடிவமா ஆகும். பத்து ரூபா காயின விட கொஞ்சம் பெருசானதும் அயர்ன எடுத்துருங்க, ஆறின பெறகு ஓரத்துல சின்ன வரம்பு மாதிரி நிக்கும், அத ஸ்கேல் வச்சு அளங்க.

நீளம் 34 மில்லி, அகலம் 30 மில்லின்னு வச்சுக்கிடுவோம். வகுத்தா 1.13. இதுதான் விகிதம்னு எழுதிராதீங்க மக்கா, அத வர்க்கப்படுத்தணும், 1.28 வரும். அதாவது வரியோட போக்குல சூடு கடத்துறது குறுக்க கடத்துறத விட 1.28 மடங்கு. இதே வேலைய ஒரு விட்ரிஃபைட் டைல் துண்டுலயும் செஞ்சு பாருங்க, அங்க வட்டம்தான் வரணும், முட்டை வந்தா ஜன்னல் காத்தோ ஓட்டை கோணலோ ஏதோ தப்பு.

மெழுகு விகிதத்த மட்டும்தான் சொல்லும். நெஜ நம்பர் வேணும்னா ஊசி புரோப். ஊசிக்குள்ள ஹீட்டரும் சென்சாரும் இருக்கும், கரண்ட் குடுத்து நேரத்தோட இயற்கை லாகரிதத்துக்கு (ln) எதிரா டெம்பரேச்சர வரஞ்சா நேர்கோடு வரும். அந்தக் கோட்டோட சரிவ 12.57ஆல பெருக்குங்க, ஒரு மீட்டர் ஊசிக்கு எத்தன வாட்டோ அத இந்தப் பெருக்கின நம்பரால வகுங்க. 20 வாட், சரிவு 0.53ன்னா கடத்துத்திறன் 3.0 (மீட்டருக்கு, டிகிரிக்கு இத்தன வாட்ங்கிற கணக்குல). ஆனா ஊசி தன்னோட நீளப் பக்கத்துக்கு ஒண்ணும் சொல்லாது, சுத்தி இருக்க பக்கத்தத்தான் அளக்கும். வரிக்கு செங்குத்தா குத்தினா வரியோட போக்குல உள்ள மதிப்பு நேரா கெடைக்கும். வரியோட சேத்து குத்தினா ரெண்டும் கலந்த பெருக்கல் சராசரிதான் வரும். அது 2.65ன்னு வந்தா, 2.65ஐ வர்க்கப்படுத்தி 3.0ஆல வகுத்தா 2.34, அதுதான் குறுக்கு மதிப்பு. 3.0ஐ 2.34ஆல வகுத்துப் பாருங்க, மெழுகு சொன்ன அதே 1.28. ரெண்டும் ஒத்து வரலன்னா முதல்ல ஊசி நொழையுற ஓட்டையத்தான் சந்தேகப்படணும், ஊசிக்கும் கல்லுக்கும் நடுவுல காத்து இருந்தா கணக்கு கெட்டுரும், தெர்மல் பேஸ்ட் நல்லா அப்புங்க.

ஈரத்தையும் கவனிக்கணும். காத்தோட கடத்துத்திறன் 0.025, தண்ணிக்கு 0.6. நைஸ் மாதிரி அடர்த்தியான கல்லுக்கு இது பெருசா தெரியாது, ஆனா வெட்டுக்கல்லுன்னு சொல்ற லேட்டரைட் பொந்து பொந்தா இருக்கதுனால மழை நேரத்துல ஒரு நம்பரும் சித்திரைல வேற நம்பரும் காட்டும். ஓவன்ல காய வச்சதா, ஊற வச்சதான்னு பக்கத்துலயே எழுதி வைங்க.

வெப்ப ஏற்புத்திறனுக்கு, அதாவது ஒரு கிராம் கல்ல ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேணும்ங்கிறதுக்கு மட்டும் இந்தத் தெச பிரச்சன கெடையாது, கல்ல எப்படித் திருப்பினாலும் ஒண்ணுதான். 200 கிராம் கல்ல கொதிக்கிற தண்ணில அர மணி நேரம் போட்டு, சட்டுனு எடுத்து துடச்சு, 28 டிகிரில 300 கிராம் தண்ணி இருக்க பிளாஸ்குல போட்டா 36 டிகிரி பக்கம் வந்து நிக்கும், அப்படின்னா ஒரு கிராமுக்கு, ஒரு டிகிரிக்கு 0.8 ஜூல். மெழுகு பூசின பலகைய இதுக்கு எடுத்துராதீங்க, தண்ணி மேல மெழுகு மெதந்துக்கிட்டு நிக்கும்.