செடானா, காம்பாக்ட் எஸ்யூவியா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தி மகன் கார் வாங்கப் போகிறான். சென்ற வாரம் இரண்டு விளக்கக் கையேடுகளோடு வந்தான். பின்னால் தனி டிக்கி உள்ள நடுத்தர செடானின் கையேட்டில் 510 லிட்டர் என்ற டிக்கி அளவையும், உயரமான சிறிய வண்டியான காம்பாக்ட் எஸ்யூவியின் கையேட்டில் 430 லிட்டர் என்ற அளவையும் பேனாவால் வட்டமிட்டிருந்தான். "டிக்கி செடானில்தான் பெரியது அண்ணா, முடிவு செய்துவிட்டேன்" என்றான். அவன் வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. வெளியே கிளம்பினால் தள்ளுவண்டி இல்லாமல் முடியாது. அந்த வட்டங்களைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் இதே வட்டத்தை நானும் போட்டிருக்கிறேன்.

கடன் வட்டியைப் பாருங்கள், காப்பீட்டை ஒப்பிடுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தவை வேறு.

லிட்டரை நம்புவது

அப்பாவுக்கு நடை குறைந்து, மடக்கும் சக்கர நாற்காலி வாங்கியிருந்த நேரம். அதை ஏற்ற இடம் வேண்டும் என்றுதான் பெரிய டிக்கியைத் தேடினேன். ஷோரூமில் விற்பனையாளர் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம் போல இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். நாற்காலி அப்போது வீட்டு வாசலில் மடக்கி வைத்திருந்தது. அதை ஒரு முறை ஷோரூமுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கார் வந்த இரண்டாம் வாரம், மருத்துவமனை வாசலில் தூறல். அப்பாவைப் பின் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கினேன். டிக்கிக்குள் இடம் தாராளமாக இருந்தது, வாய்தான் குறுகல். பின் கண்ணாடியின் அடிவிளிம்புக்கும் பம்பருக்கு மேலுள்ள விளிம்புக்கும் நடுவே இருந்த திறப்பில் தள்ளும் கைப்பிடிகள் முட்டின. கால்தாங்கிகளைக் கழற்றினேன். சாய்த்து, திருப்பி, முழங்காலால் ஒரு தள்ளு தள்ளியதும் ஒருவழியாக உள்ளே போனது. மூடியை இறக்கினால் பாதியில் நின்றது. மூடியைத் தாங்கும் வளைந்த இரும்புக் கைகள் இரண்டும், மூடும்போது டிக்கிக்குள்ளேயே இறங்கி வந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்தன. மறுபடி வெளியே இழுத்ததில் பம்பரில் உள்ளங்கை நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அப்பா கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னை ஏதாவது வாடகை வண்டியில் அனுப்பிவிடேன்" என்றார். அன்று அந்த நாற்காலி என் பக்கத்தில் முன் இருக்கையில் பயணம் செய்தது. அம்மா தனியாக வேறு வண்டியில் வந்தார்.

பின் இருக்கையின் முதுகை மடித்தும் பார்த்தேன். அதன் பின்னாலிருந்த வழி, டிக்கியின் வாயைவிடச் சிறியது. பதினான்கு மாதங்களில் அந்தக் காரை விற்றேன். காரின் மதிப்பு மிக வேகமாகச் சரிவது முதல் ஓரிரு ஆண்டுகளில்தான். சரியாக அந்தச் சரிவில் விற்றேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அந்த லிட்டர் எண் எப்படி வருகிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் 200 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரமுள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்குகிறார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். சந்து பொந்துகளிலெல்லாம் கட்டை நுழைந்துவிடும். 510 கட்டைகள் போன இடத்தில் ஒரு சக்கர நாற்காலி போகும் என்று அந்த எண் எங்கும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

எஸ்யூவி எண்ணில் வேறொரு வில்லங்கம். பின் இருக்கைக்குப் பின்னாலுள்ள மூடுபலகை வரைக்கும் அளந்த எண் ஒன்று, கூரை வரைக்கும் அளந்த எண் இன்னொன்று. சிலர் தரைக்கு அடியிலுள்ள பள்ளத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். கையேட்டில் எது பெரியதோ அதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். கூரை வரை அடுக்கினால் பின்னால் வரும் வண்டி தெரியாது. திடீரென்று பிரேக் போட்டால், இருக்கை முதுகுக்கு மேலே இருக்கும் பெட்டி முன்னால் பாய்ந்து வரும். செடானில் இந்தக் கவலை குறைவு. பெட்டியும் பயணியும் தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள்.

ஆகவே டேப் எடுத்துக்கொண்டு போங்கள். வாயின் அகலம், வாயின் உயரம், சக்கர வளைவுகளுக்கு நடுவிலுள்ள அகலம், தரையிலிருந்து டிக்கி விளிம்பின் உயரம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசி அளவு இடுப்பு வலிக்காரர்களுக்கு. எஸ்யூவியின் வாய் பெரிதாக இருந்தாலும் விளிம்பு உயரமாக இருந்தால் கனமான பெட்டியை நெஞ்சளவுக்குத் தூக்க நேரும். அதைவிட நல்லது, வீட்டில் அடிக்கடி ஏற்றும் பெரிய பொருளையே எடுத்துப் போவது. விற்பனையாளர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

"தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்கா? கூச்சமாக இருக்கிறது அண்ணா" என்றான் தம்பி. மருத்துவமனை வாசலில் நான் நனைந்த கதையைச் சொன்ன பிறகும் அதையே சொன்னான்.

உயரமாக உட்கார்ந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது

சாலை நன்றாகத் தெரியும், மூட்டுவலி உள்ளவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். இவை உண்மையான நன்மைகள், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உயரம் ஏறினால் ஈர்ப்பு மையமும் ஏறுகிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண், வண்டி கவிழாமல் நிற்கும் திறனைச் சொல்லும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி கார்களுக்கு இது பெரும்பாலும் 1.30 முதல் 1.50 வரை, எஸ்யூவி போன்ற உயரமான வண்டிகளுக்கு 1.00 முதல் 1.30 வரை. 1997இல் சுவீடன் பத்திரிகையாளர்கள் தடையைத் தவிர்க்கும் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸை ஓட்டியபோது அது கவிழ்ந்தது. அது எஸ்யூவிகூட இல்லை, உயரமான சிறிய கார். அதன் பிறகே அந்த நிறுவனம், வண்டி வழுக்கும்போது தேவையான சக்கரத்துக்குத் தானே பிரேக் போட்டு நிலைப்படுத்தும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை (ESC) அந்தக் காரின் எல்லா வகைகளிலும் பொருத்தியது. நீங்கள் பார்க்கும் எஸ்யூவியில், நீங்கள் வாங்கும் வகையிலேயே அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

எஸ்யூவி என்றால் காட்டுவழிக்கு என்று நம்புவது

டொயோட்டா 1994இல் ராவ்4 வண்டியைக் கொண்டுவந்தபோதே அது தனி இரும்புச் சட்டகத்தின் மேல் கட்டிய லாரி வகை அல்ல, கார் போன்ற ஒற்றை உடற்கட்டு கொண்டது. இன்றைய காம்பாக்ட் எஸ்யூவிகள் அந்த வழியில் வந்தவையே. பலவற்றில் என்ஜின் முன் சக்கரங்களை மட்டுமே இழுக்கிறது. நான்கு சக்கர இழுவை இருந்தாலும் அது கிளம்பத்தான் உதவும். பிரேக் போடும்போது நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியும் அது இல்லாத வண்டியும் ஒன்றுதான். நிற்க வைப்பது டயர்.

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பது

டெஸ்ட் டிரைவில் நீங்கள், விற்பனையாளர், மழமழவென்ற சாலை. பத்து நிமிடம். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணும் பெரும்பாலும் காலி வண்டிக்கு அளந்தது. ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். செடானில் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே நீளம் அதிகம் என்பதால், மூக்கு தப்பினாலும் வேகத்தடை வயிற்றில் உரசும். குடும்பத்தோடு போய், தினமும் தாண்டும் மோசமான வேகத்தடையைத் தாண்டிப் பாருங்கள்.

எரிபொருள் செலவை நகரத்தில் மட்டும் கணக்கிடுவது

நகரத்துக்குள் எடை தின்னும், நெடுஞ்சாலையில் காற்று தின்னும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80 கி.மீ.யிலிருந்து 120 கி.மீ.க்குப் போனால் அது 2.25 மடங்கு. உயரமான முகம் கொண்ட வண்டி அந்த மடங்கைப் பெரிய தொகையில் செலுத்துகிறது. வாரம்தோறும் வெளியூர் போகிறவர் இதை யோசிக்காமல் எஸ்யூவி வாங்கக் கூடாது.

சன்ரூஃப்

வீட்டில் உயரமானவரைப் பின்னால் உட்கார வையுங்கள். கூரையில் திறக்கும் கண்ணாடிக்கான அமைப்பு உள்கூரையைத் தாழ்த்துவதால் தலை முட்டலாம்.

கூரைக் கம்பிகள்

எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். எண் இல்லையென்றால் அது அலங்காரம்.

டயர்

பெரிய சக்கரம் கொண்ட வகையை எடுக்கும் முன் அந்த அளவு டயரின் விலையை விசாரியுங்கள். நான்கால் பெருக்குங்கள்.

பின் கண்ணாடி

எஸ்யூவியின் செங்குத்தான பின்கண்ணாடியில் சேறும் தூசியும் சுழன்று வந்து அப்பும். வைப்பர் இல்லாத வகையை வாங்காதீர்கள்.