மலிவு பேஸ் கிட்டாருக்குப் புது பிக்கப் மாட்டுவது எப்படி

விலை குறைந்த பேஸ் கிட்டாரில் ஓசை மந்தமாக இருந்தால் பழி உடனே பிக்கப் மேல், அதாவது ஸ்டிரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பாகத்தின் மேல், விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி பழைய ஸ்டிரிங்தான். முதலில் புது ஸ்டிரிங் செட் போட்டு, பிக்கப்பின் உயரத்தையும் சரிசெய்து சில நாள் வாசித்துப் பாருங்கள். அப்போதும் தடித்த 'ஈ' ஸ்டிரிங் குழம்பியும் மெல்லிய 'ஜி' ஸ்டிரிங் மெலிந்தும் கேட்டால் பிக்கப்பில் காசு போடலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது பிரிசிஷன் பாணி பேஸ்: நான்கு ஸ்டிரிங், பேட்டரி கிடையாது, ஒரு வால்யூம், ஒரு டோன். இரு துண்டாகப் பிரிந்த அதன் பிக்கப்பை ஃபெண்டர் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்தது. குறைந்த செலவில் மேம்படுத்த இது தோதான பேஸ். வாங்க வேண்டியது ஒரே செட். அளவும் பெரும்பாலான தயாரிப்புகளில் ஒன்றுதான். இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பாணி பேஸில் பிரிட்ஜ் (ஸ்டிரிங்கின் அடிமுனையைத் தாங்கும் உலோகத் தகடு) பக்க பிக்கப் நெக் (கழுத்து) பக்கத்ததைவிட 2–3 மி.மீ. நீளமாக இருப்பது வழக்கம். ஆனால் சில மலிவு மாடல்களில் இரண்டும் ஒரே நீளம், அதனால் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். ஐந்து ஸ்டிரிங் பேஸ், சோப்புக்கட்டி வடிவ பிக்கப் என்றால் மூடியின் நீள அகலத்தோடு வெளி ஸ்டிரிங்குகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அளக்க வேண்டும்.

வில்கின்சன், ஆர்டெக், டோன்ரைடர் ஆகியவை கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும் பிக்கப் பிராண்டுகள். மலிவு பிக்கப்பில் இரும்புத் தண்டுகளுக்கு அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும்; அல்நிக்கோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம்) வகையில் தண்டுகளே காந்தம். பொதுவாக அல்நிக்கோவின் ஓசை உருண்டு வரும், செராமிக் பளிச்சென்று அடிக்கும். செராமிக் என்றாலே மட்டம் என்று ஒதுக்கத் தேவையில்லை. டிமார்சியோ நிறுவனத்தின் பேர்பெற்ற மாடல் பி-யும் செராமிக்தான். மல்டிமீட்டரில் இந்த வகை பிக்கப் 10 முதல் 12 கிலோ ஓம் காட்டும். எண் கூடினால் சுற்று அதிகம். சத்தம் ஏறும், உச்ச ஓசை மங்கும். எண்ணைத் துரத்தி வாங்கினால் கடைசியில் கம்பளி போர்த்தியதுபோல் கேட்கும். பழைய பிக்கப் வாங்கும்போது மீட்டரை வைத்துப் பாருங்கள். எந்த அளவும் காட்டாவிட்டால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) அறுந்திருக்கிறது.

கருவிகள்: தட்டை முனையுள்ள 40 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ள 60/40 ஈயக்கம்பி, மல்டிமீட்டர், கட்டர், உப்புத்தாள். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸ் பக்கமே போகாதீர்கள், நாளடைவில் இணைப்பை அரித்துவிடும். டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போதும், அதன் மேல் 473 என்று அச்சிட்டிருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பதும் 'விண்டேஜ்' என்று பெட்டியில் போட்டு விற்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

வால்யூம், டோன் பாட்கள் (குமிழுக்கு அடியில் இருக்கும், திருப்பினால் மின்தடை மாறும் பாகங்கள்) கரகரக்காமல், 250 கிலோ ஓம் அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் அவற்றை விட்டுவிடலாம். மாற்றினால் 250 கிலோ ஓம், ஆடியோ டேப்பர் (காது உணரும் விதத்தில் சத்தம் சீராக ஏறி இறங்கும் வகை) கேட்டு வாங்குங்கள். ஒரு சிக்கல் உண்டு: மலிவு பேஸில் இருப்பது சின்ன பாட். அமெரிக்க அளவு பாட்டுக்குச் சுமார் 9.5 மி.மீ. துளை வேண்டும், துளையைப் பெரிதாக்காமல் நுழையாது. அதன் தண்டும் 6.35 மி.மீ. என்பதால் 6 மி.மீ. தண்டுக்குச் செய்த பழைய குமிழ் ஏறாது.

ஸ்டிரிங்கைத் தளர்த்தி பிக்கார்டை (பேஸின் முகப்பில் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை) கழற்றுங்கள். எதையும் தொடுமுன் வயரிங்கை இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்துவிடுங்கள். பிக்கப்பிலிருந்து இரண்டு வயர் வரும்: சிக்னல் வயர் வால்யூம் பாட்டின் காலுக்கும், எர்த் வயர் பாட்டின் முதுகுக்கும் போகும். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து வரும் எர்த் வயரும் அதே முதுகில் சேரும். பிரிட்ஜுக்கும் பாட் முதுகுக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எத்தனை நல்ல பிக்கப் மாட்டினாலும் இரைச்சல் நிற்காது.

பழைய வயர்களை எடுத்துவிட்டுப் புது வயரின் நுனியில் முதலில் ஈயம் பூசுங்கள். இரு துண்டையும் இணைக்கும் குட்டி வயரை வெட்டக் கூடாது, இரண்டும் தொடராக இணைந்தால்தான் சரி. பாட்டின் காலில் ஈயம் 2–3 விநாடியில் பிடித்துவிடும். முதுகில்தான் பலருக்கு வேலை கெடுகிறது. அது பெரிய உலோகப் பரப்பு, சூட்டை உறிஞ்சிவிடும். சிறு முனையை வைத்து அரை நிமிடம் அழுத்தினால் ஈயம் மேலே உருண்டை கட்டும், உள்ளே கார்பன் தடம் கருகும். உப்புத்தாளால் முதுகைத் தேய்த்து, 370 டிகிரி அளவில் தட்டை முனையைப் படியவைத்து, ஐந்தாறு விநாடிக்குள் முடியுங்கள். பளபளப்பாகப் பரவினால் நல்ல இணைப்பு. மங்கிப்போய் உருண்டு நின்றால் மறுபடி செய்ய வேண்டும்.

மூடுவதற்கு முன் ஆம்பில் குறைந்த வால்யூம் வைத்து எட்டு தண்டையும் திருப்புளியால் லேசாகத் தட்டுங்கள், எட்டிலும் 'டக்' கேட்க வேண்டும். ஒன்றுமே கேட்காவிட்டால் சிக்னல் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. உள்ளே செப்பு டேப் ஒட்டியிருந்தால் ஜாக்கின் (கேபிள் செருகும் துளையின்) கால் அதில் உரசுகிறதா என்று பாருங்கள். ஸ்டிரிங்கைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கலாம்.

கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு இன்னொன்று. ஓசை நன்றாகவே இருக்கும், இரைச்சல் மட்டும் பழையதைவிட அதிகமாக வரும். ஒவ்வொரு ஸ்டிரிங்கும் ஒரு துண்டின் மேல்தான் ஓடுகிறது. ஆகவே இரு துண்டும் எதிரெதிராக இணைந்துவிட்டாலும் காதுக்கு ஓசையில் வித்தியாசம் தெரியாது. ஒரு துண்டின் இரைச்சலை மற்றது ரத்துசெய்யும் வேலை மட்டும் நடக்காது. ஒரு துண்டின் இரு வயரையும் மாற்றிப் போட்டால் தீரும்.

பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் பிக்கப்பும் இருக்கும் பேஸில் இரண்டையும் முழுதாகத் திறந்தபோது கனத்த கீழ் ஓசை காணாமல் போனால் அவை ஒன்றையொன்று எதிர்க்கின்றன. ஏதாவது ஒன்றின் இரு வயரை மாற்றுங்கள். அதன் எர்த் உலோகப் பின்னலாக இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றதில் மாற்ற வேண்டும்.

கடைசியாக உயரம். கடைசி ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோட்டில்) ஸ்டிரிங்கை அழுத்திப் பிடித்து, 'ஈ' பக்கம் 3 மி.மீ., 'ஜி' பக்கம் 2.5 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். பிறகு கால் திருப்பாகத் திருகி, நான்கு ஸ்டிரிங்கும் ஒரே பலத்தில் கேட்கும்வரை காதால் சரிசெய்யுங்கள். மிக நெருங்கினால் காந்தம் தடித்த ஸ்டிரிங்கை இழுக்கும். மேல் ஃபிரெட்களில் 'ஈ' சுருதி விலகி அலையடிக்கும். ஸ்குரூவைத் திருகியும் பிக்கப் மேலே வராவிட்டால் அடியில் உள்ள ஸ்பாஞ்ச் செத்துவிட்டது, புதிதாக வெட்டி வையுங்கள். மரத்தில் துளை தேய்ந்து ஸ்குரூ சுற்றினால் பல்குத்தும் குச்சியை மரப்பசையில் தோய்த்துச் செருகி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி முடுக்குங்கள்.

கழற்றிய பிக்கப்பை அதன் ஸ்குரூக்களோடு பையில் போட்டு வையுங்கள். பேஸை விற்கும் நாள் வந்தால் புதியதைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிக் கொடுத்துவிடலாம்.