சோடா வாங்கிட்டு வாடா

வீட்டில் குடிக்கிற, புகைக்கிற பழக்கம் பிள்ளைக்கும் தொற்றாமல் இருக்க, பெரியவர்கள் முதலில் நிறுத்த வேண்டியது பிள்ளையிடம் எடுபிடி வேலை வாங்குவதை. பீடி, சிகரெட், ஹான்ஸ் புகையிலை, சோடா, சைட் டிஷ் எதற்கும் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். டம்ளர் கழுவவோ காலி பாட்டிலை எடுத்துப் போடவோ சொல்லாதீர்கள். அப்பா பெயரைச் சொல்லி சிகரெட் வாங்கிப் பழகிய பையன், நாளைக்குத் தனக்காகப் போய் நின்றாலும் கடைக்காரர் கேள்வி கேட்க மாட்டார். என்ன விலை, எவ்வளவு ஊற்றி எவ்வளவு தண்ணீர் கலப்பது என்பதெல்லாம் பத்து வயதிலேயே அவனுக்கு அத்துப்படி ஆகியிருக்கும்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொன்று. பாண்டியிலிருந்து திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்குப் பயந்து பாட்டிலைப் பிள்ளையின் பையில் வைக்காதீர்கள். குழந்தையை மது சுமக்க வைத்தால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். "ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருடா" என்று மாமா செல்லமாகக் கொடுப்பதற்கும் 77-ஆம் பிரிவில் அதே தண்டனைதான்.

வீட்டில் பாட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். மார்க்கரால் கோடு போட்டு வைப்பதில் பலனில்லை. எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்கள். பாட்டியின் தூக்க மாத்திரை அட்டையும் அதே பூட்டுக்குள் இருக்கட்டும்.

பேச்சிலும் கவனம் வேண்டும். "இன்னைக்கு ஒரே டென்ஷன், ஒரு கட்டிங் போட்டாதான் தூக்கம் வரும்" என்பதைப் பிள்ளை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொள்கிறது. பரீட்சைக்கு முந்தைய நாள் அதற்கும் டென்ஷன்தானே. "வேலையில கோபம், அரை மணி நேரம் பீச்சுல நடந்துட்டு வரேன்" என்று சொல்லி அப்படியே நடந்துவிட்டு வாருங்கள்.

கல்யாணம், மாசி மகம், சாவு வீடு: முதல் டம்ளர் பெரும்பாலும் இங்கேதான், சொந்தக்காரர் கையிலிருந்துதான் வருகிறது. முந்தின நாளே மாமன், மச்சான், சித்தப்பாவுக்குப் போன் செய்து "என் பையனுக்கு யாரும் ஊத்தக் கூடாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சபையில் சொன்னால் கேலியில் முடியும். சாவு ஊர்வலத்தில் இளைஞர்களிடம் "செலவுக்கு" என்று பணம் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, குடிக்காத ஒரு பெரியவரிடம் கொடுத்துச் சாப்பாடும் மோரும் வாங்கச் சொல்லுங்கள்.

"நீங்க மட்டும் குடிக்கலாமா?" என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும். "நான் சம்பாதிக்கிறேன், குடிக்கிறேன்" என்று பதில் சொன்னால், கேட்டரிங் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கும் அன்றே தனக்கும் அனுமதி வந்துவிட்டதாகப் பையன் கணக்குப் போடுவான். "பழகிட்டேன், விட முடியல, ஆஸ்பத்திரிக்குப் போகப் போறேன். வளர்ற வயசுல ஆரம்பிச்சா என்னைவிடச் சீக்கிரம் உன்னைப் பிடிச்சுக்கும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். சொன்னபடி போங்கள்.

ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் வைராக்கியத்தில் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் கைநடுக்கம் வரும், முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் பிதற்றல் தொடங்கலாம், உயிருக்கே ஆபத்து. ஜிப்மரிலோ அரசு மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் காட்டி, டாக்டர் தரும் மாத்திரையின் துணையோடு குடியை நிறுத்துங்கள். போனில் கேட்க 14416 (மனநல உதவி எண்) அல்லது 14446 (போதை மீட்பு உதவி எண்). புகையிலை அப்படியல்ல, இன்றே விடலாம். முதல் 3 நாள்தான் கடினம். ஆசை எழும்பும்போது 5 நிமிஷம் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பையன் குடித்துவிட்டு வந்த இரவில் அடிக்கவோ விசாரிக்கவோ வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள். மோர், எலுமிச்சைச் சாறு புகட்டாதீர்கள், புரையேறிவிடும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் உடனே 108. பேச்சு மறுநாள் காலையில். அன்றிரவு அப்பாவும் குடித்திருந்தால், காலையில் பேச வேண்டியவர் அம்மா.