பாலைவன ஓடையில் குட்டி அணை: குழாயடியில் கோட்டை விடாதீர்கள்

அரிசோனாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளின் வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் அதே பழைய தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. கூட்டல் கழித்தல் பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள், அதை விடுங்கள்.

இங்கே 'வாஷ்' என்று சொல்லும் ஓடை ஆண்டில் பெரும்பாலும் வெறும் மணல். அதன் குறுக்கே போடும் மண் அணைக்கு ஒரே வேலை: திடீர் வெள்ளத்தைச் சில மணி நேரம் மறித்து, கரையடியில் உள்ள குழாய் வழியே அளவாக வெளியே விடுவது.

ஆண்டு மழையைப் பார்த்துக் கலிங்கு கட்டுவது

பீனிக்ஸில் ஆண்டு மழை ஏறத்தாழ 200 மி.மீ. 'இவ்வளவுதானே' என்று கலிங்கை, அதாவது மிகுதி வெள்ளம் வழிந்தோடும் வாயை, சுருக்கிவிடுகிறார்கள். 2014 செப்டம்பர் 8 அன்று அங்கே விமான நிலையத்தில் ஒரே நாளில் 84 மி.மீ. கொட்டியது. மண்கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் கரை நிற்காது.

குழாயைச் சுற்றிக் கெட்டிக்காத மண்

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உருண்டைக் குழாயின் வயிற்றுக்கடியில் ரோலர் போகாது, மண்ணை இடிக்கும் திமிசும் சரியாக இறங்காது. அங்கே மண் பொலபொலவென்று கிடக்கும். அணை நிரம்பியதும் தண்ணீர் குழாயை ஒட்டியே வழி தேடி, மண்ணைத் துளித்துளியாக அரித்துக்கொண்டு போகும். ஈரமான ஊர்களில் கசிவு மெல்லத் தலைகாட்டும், பார்த்துச் சரிசெய்ய அவகாசம் இருக்கும். இங்கே கரை ஆண்டுக்கணக்கில் காய்ந்து வெடித்துக் கிடந்து, ஒரே மாலையில் விளிம்பு வரை நிரம்பும்.

ஒரு மாட்டுப் பண்ணையில் அப்படிப் போன அணையைப் பார்த்தேன். கலிங்கில் ஒரு சொட்டு ஓடிய தடம்கூட இல்லை. குழாய் மட்டும் அந்தரத்தில் தொங்கியது, சுற்றியிருந்த மண் எல்லாம் ஓடையோடு போயிருந்தது. "காலர் போட்டிருந்தோமே சார்!" என்றார் கட்டியவர். எரிச்சலே அதுதான். கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றி நிறுத்தும் அந்தக் கான்கிரீட் தகடுகளின் மூலைகளில்தான் மண்ணை இடிக்கவே முடியாது. அமெரிக்காவின் பெரிய அணை அமைப்புகள் 1980களின் நடுவிலேயே அதைக் கைவிட்டுவிட்டன. பழைய வரைபடத்தை நகலெடுப்பவர்கள் இன்னும் விடவில்லை.

குழாய்க்கடியில் அதைத் தாங்கும் கான்கிரீட் தொட்டில் போடுங்கள். அதன் பக்கங்கள் சற்றுச் சாய்வாக இருக்கட்டும், மண் அப்போதுதான் அழுந்தி ஒட்டும். கரையின் வெளிப்புறப் பகுதியில் குழாயைச் சுற்றி, கான்கிரீட்டுக்குப் பயன்படும் கழுவிய மணலை நிரப்பி, கசியும் நீர் கரையடியில் வெளியேற வழி விடுங்கள். தரமான மணல் நீரை விடும், மண்ணை விடாது. வெடிப்பு விழுந்தாலும் மணல் சரிந்து அதை அடைத்துக்கொள்ளும். சில லாரி மணலை மிச்சம் பிடித்த பண்ணைக்காரர் அணையையே மறுபடி கட்டினார்.

குழாய் வாயில் தட்டை வலை

முதல் வெள்ளத்தில் வரும் பாலோ வெர்டே என்ற பாலைவன மரத்தின் கிளைகளே அந்த வலையை மூடிவிடும். அகலமாக, சாய்வாக வையுங்கள்.

குழாய்க்குக் கதவு

வேண்டாம்.

வெடிப்பின் மேல் மண் தள்ளுவது

இங்கே பருவமழைக் கணக்கு ஜூன் 15இல் தொடங்குகிறது. அதற்கு முன்பே கரை முழுக்க நடந்து பாருங்கள். வெடிப்பையும் தரை அணில் வளையையும் அடி தெரியும்வரை தோண்டி, ஈரமண் போட்டு இடித்து நிரப்புங்கள். மெஸ்கிட் என்ற பாலைவன மரத்தின் கன்று கண்ணில் பட்டால் அப்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.