வாடகை சைக்கிளுக்கு மடக்கு ஹெல்மெட் வாங்கப் போகிறீர்களா?

ஆப்பைத் திறந்து வாடகை சைக்கிள் எடுக்கும் எண்ணம் பெரும்பாலும் தெருவில் நிற்கும்போதுதான் வரும். அந்த நேரத்தில் கையில் ஹெல்மெட் இருக்காது. அதனால் என் தோள்பையில் மடக்கு ஹெல்மெட் ஒன்று எப்போதும் கிடக்கும்.

விலையைப் பார்க்கும் முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பாவின் இஎன் 1078, அமெரிக்காவின் சிபிஎஸ்சி போன்ற சைக்கிள் ஹெல்மெட் தர முத்திரை இருக்க வேண்டும். இஎன் 812 என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அது தொழிற்சாலையில் தலை இடிபடாமல் இருக்கப் போடும் தொப்பிக்கான தரம். அழகான துணித்தொப்பி போலத் தெரியும் மலிவுச் சரக்கில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அப்புறம் மடிப்பு. விரித்ததும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் அழுத்துங்கள். பூட்டை விடுவிக்காமலே மடங்கினால் வேண்டாம். மடித்த பிறகு எவ்வளவு தடிமன் என்று உங்கள் பையிலேயே நுழைத்துப் பாருங்கள். பைக்குள் போகாத மடக்கு ஹெல்மெட் வீட்டு அலமாரியில்தான் தூங்கும்.

தேன்கூடு அமைப்பில் காகிதத்தால் செய்து, விசிறி போல மடிக்கும் ஹெல்மெட்டுக்காக வடிவமைப்பாளர் இசிஸ் ஷிஃபர் 2016-இல் ஜேம்ஸ் டைசன் விருது என்ற வடிவமைப்புப் பரிசை வாங்கினார். வாடகை சைக்கிள்காரர்களை மனதில் வைத்தே அதை வடிவமைத்தார். யோசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் தினமும் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது தெர்மோகோல் வைத்ததைத்தான்.

மாட்டும்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், தாடை வாருக்குள் ஒரு விரல். வார்கள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் அமைந்த விக்டோரியா மாநிலம் 1990-லேயே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 2010-இல் அங்கே பொது சைக்கிள் திட்டம் வந்தபோது மலிவு ஹெல்மெட்டும் விற்றார்கள். அப்படியும் 2019-இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். மெக்சிகோ நகரம் 2010-இல் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. கனடாவின் வான்கூவர் நகரம் 2016-இல் வாடகை சைக்கிளிலேயே ஹெல்மெட்டை மாட்டி வைத்தது. எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது. அடுத்தவர் வியர்வை பிடிக்காதென்றால் உள்ளே மெல்லிய துணித்தொப்பி போட்டுக்கொள்ளலாம். புது ஊரில் சைக்கிளைத் திறக்கும் முன் ஆப்பில் விதியைப் படித்துவிடுங்கள்; மாட்டாவிட்டால் அபராதம் உங்களுக்குத்தான், நிறுவனத்துக்கு அல்ல.

ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும்.