மீன்குஞ்சு வளரும் கரையோரங்கள்: கூடிக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலில் பிடிபடும் மீனெல்லாம் கடலிலேயே வளர்ந்தவை அல்ல. பல வகை இறால்கள் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தோடு, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் ஓட்டத்தோடு, கழிமுகத்துக்குள் வந்து, கடற்புல்லிலும் அலையாத்தி வேரிடுக்கிலும் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். மடவை, கொடுவா மீன்களும் இப்படிப் போய்வருபவைதான். ஆகவே காக்க வேண்டியது ஒரு காட்டையோ புல்வெளியையோ மட்டும் அல்ல, அந்தப் பாதை முழுவதையும். ஆளுக்கொரு துண்டைக் கையில் எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அடிக்கடி நடப்பது, எங்கே இடம் காலியாகத் தெரிகிறதோ அங்கே கன்று நடுவது. பிலிப்பைன்ஸில் பெருஞ்செலவில் சுரபுன்னை என்ற அலையாத்தி வகைக் கன்றுகளைத் தாழ்வான சேற்றுத் திட்டுகளிலும் கடற்புல் வெளிகளிலும் நட்டார்கள். பெரும்பகுதி செத்துப்போனது. அலையாத்திக்கு ஏற்றது ஓதம் ஏறி இறங்கும் பரப்பின் மேல்பாதி. அதற்குக் கீழே கன்று நெடுநேரம் மூழ்கிக் கிடக்கும், தண்டில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் படியும், அலை சாய்த்துவிடும். எனக்கு இதில் பெரிய வருத்தம், கடற்புல்லின் மேல் நடுவதுதான். குஞ்சுகள் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த இடத்தை மிதித்துக் கெடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கியதாகக் கணக்கு எழுதுகிறோம். முதலில் பழைய ஓடைகளைத் திறந்து நீரோட்டத்தைச் சரிசெய்யுங்கள். அருகில் தாய்மரங்கள் இருந்தால் பல இடங்களில் விதை தானாகவே மிதந்து வந்து வேர்விடும்.

அடுத்தது, கரையில் இருப்பவர்களை மட்டும் கூட்டிப் பேசுவது. கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். மேலே வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் நைட்ரஜன் பாசியைப் பெருக்கி, தண்ணீரைக் கலக்கி, அந்த வெளிச்சத்தை மறைத்துவிடும். ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் 1990களில் உள்ளாட்சிகளும் உர ஆலைகளும் மின் நிறுவனங்களும் ஒன்றாக உட்கார்ந்து, நைட்ரஜனைக் குறைக்கும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டன. 2016இல் அங்கே கடற்புல் 16,000 ஹெக்டேரைத் தாண்டியது. பிறகு மறுபடி குறைந்தது. அதனால் அந்தக் கூட்டு இன்றும் தேவைப்படுகிறது.

கூட்டம் போடும் நேரத்திலும் தவறு இருக்கிறது. கடல் வற்றும் நேரம் பார்த்து நண்டும் சிப்பியும் பொறுக்கப் போகிறவர்களுக்கு, அவர்களில் பெண்கள் நிறையப் பேர், எந்த ஓடையில் எந்த மாதம் குஞ்சு ஏறும் என்பது அத்துப்படி. அவர்கள் சேற்றில் நிற்கும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, ‘அழைத்தோம், வரவில்லை’ என்று எழுதுவது அநியாயம். திட்டம் முடிவான பிறகு கையெழுத்துக்கு அழைப்பதும் அப்படித்தான். ஒரு ஓடையைச் சில மாதம் மூட வேண்டுமென்றால், அதனால் வருமானம் இழப்பவர் யார், அவருக்கு என்ன ஏற்பாடு என்பதை முதல் பேச்சிலேயே தீர்க்க வேண்டும்.

மதகுகளையும் சாலைக்கு அடியில் போகும் குழாய்களையும் பலர் கவனிப்பதே இல்லை. ஓதம் ஏறும்போது ஒரு மதகருகே நின்று பாருங்கள்: மூடிய பலகைக்கு வெளியே, விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் கூட்டமாக மோதிக்கொண்டிருக்கும். உள்ளே எவ்வளவு நல்ல சதுப்பு இருந்தும் அவற்றுக்குப் பயனில்லை. மதகை இயக்குபவரையும் கூட்டத்தில் சேர்த்து, ஏற்றத்தின்போது சிறிது நேரம் திறந்துவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கடைசியாக, காலத்தைக் குறைத்துப் போடுவது. அமெரிக்காவின் வர்ஜீனியா கரையோரக் காயல்களில் சுமார் 20 ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட கடற்புல் விதைகளைத் தூவினார்கள். சுமார் 200 ஹெக்டேரில் விதைத்தது 3,600 ஹெக்டேருக்குப் பரவியது. மூன்று ஆண்டில் நிதி முடியும் திட்டத்தில் இதைப் பார்க்க முடியாது. நட்ட கன்றை எண்ணுவதோடு நிறுத்தாமல், சிறுகண் வலை போட்டுக் குஞ்சுகளையும் எண்ண வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, வேலை தொடங்கும் முன்பும், பக்கத்தில் கை வைக்காத ஓடையிலும் சேர்த்து. பத்தாம் ஆண்டில் அந்த வலையை யார் இழுப்பார், செலவு யாருடையது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.